டர்பன் தையல் ஆலைகள்: கூலிப் போட்டியில் தோற்ற நகரம் நாள்கணக்கில் பிழைக்கும் விதம்

வங்கதேசத்தில் தைத்து வரும் சட்டையின் தையல் கூலியோடு தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர ஆலை எதுவும் போட்டி போட முடியாது. 1990-களின் நடுவில் அந்தப் போட்டியில் இறங்கிய ஆலைகள் பல மூடிக்கிடக்கின்றன. தாக்குப் பிடித்தவை வேறு கணக்கைக் கையில் எடுத்தவை. கடையில் ஒரு ஸ்டைல் விற்கத் தொடங்கியதும், அதே ஸ்டைலின் அடுத்த சரக்கு எத்தனை நாளில் கடைக்கு வந்து சேரும் என்பதே அந்தக் கணக்கு. ஆசியாவிலிருந்து வரவழைத்தால் துணி புக்கிங், தையல், கப்பல், துறைமுகம் எல்லாம் சேர்ந்து நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். துணி உள்ளூரில் கையிருப்பு இருந்தால் டர்பனில் நான்கு முதல் ஆறு வாரத்தில் முடியும். இந்த இடைவெளியை ஆலைக்குள் எப்படிக் காசாக்குவது, அது எங்கெங்கே ஒழுகிப் போகிறது என்பதை இங்கே விரிவாகப் பார்க்கிறோம்.

திருப்பூரை மனதில் வைத்துப் படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. டர்பன் இப்போது பெரிதும் தென்னாப்பிரிக்கக் கடைகளுக்காகவே தைக்கிறது. ஆயிரக்கணக்கில் ஓடும் ஏற்றுமதி ஆர்டர் இங்கே குறைவு. 600 பீஸ், 1,500 பீஸ் என்று வரும் சின்ன ஆர்டர்கள்தான் பிழைப்பு.

சரிவு எங்கே தொடங்கியது

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் முதல் ஒப்பந்தக் கூலிகள் டர்பனில் இறங்கினார்கள். கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் பேத்திகளும் கொள்ளுப்பேத்திகளும் தையல் மெஷினுக்கு வந்தார்கள். குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த 1950-ஆம் ஆண்டின் குழுப்பகுதிச் சட்டம் கேட்டோ மேனர், மேகசின் பாரக்ஸ் போன்ற இடங்களில் இருந்த இந்தியக் குடும்பங்களைப் பெயர்த்து, 1960-களில் சாட்ஸ்வொர்த்திலும் 1976 முதல் ஃபீனிக்ஸிலும் குடியமர்த்தியது. சாட்ஸ்வொர்த்திலிருந்து பஸ் ஏறினால் மோபெனி, ஜேக்கப்ஸ், கிளேர்வுட் ஆலைகள் பக்கம். அம்மா, சித்தி, அக்கா என்று ஒரே வீட்டிலிருந்து இரண்டு மூன்று பேர் ஆலைக்குப் போன குடும்பங்கள் அங்கே சாதாரணம். ஆகவே தையல் ஆலை மூடியபோது பல வீடுகளில் எல்லாச் சம்பளமும் ஒன்றாக நின்றது. டர்பனின் மற்றத் தொழில்கள் சரிந்ததற்கும் இதற்கும் உள்ள முக்கிய வேறுபாடு அதுதான்.

இறக்குமதி வரி குறைப்பு முதல் காரணம். உலக வர்த்தக அமைப்பில் ஒப்புக்கொண்ட காலக்கெடுவுக்கு முன்னதாகவே தென்னாப்பிரிக்கா தானாக வரியை இறக்கியது. 2002-இல் ஆடைக்கான வரி 40 சதவீதத்துக்கு வந்துவிட்டது. கூடவே, ஏற்றுமதி செய்யும் ஆலைக்கு இறக்குமதி வரிச் சலுகைச் சான்று தரும் திட்டமும் ஓடியது. நோக்கம் ஏற்றுமதியை ஊக்குவிப்பது. நடைமுறையிலோ, அந்தச் சான்று ஆயத்த ஆடைகளை மலிவாக இறக்க உதவியது. உள்ளூர் ஆலையின் சந்தையை உள்ளூர் ஆலையின் சான்றே அரித்தது. 2003, 2004-இல் தென்னாப்பிரிக்க நாணயமான ரேண்ட் வலுத்ததும் ஏற்றுமதியும் படுத்தது. 2004 முடிவில் உலக அளவிலான ஜவுளி கோட்டா முறை நீங்கியது. 2007, 2008 இரண்டு ஆண்டுகளுக்குச் சீனத்திலிருந்து வரும் 31 வகைப் பொருள்களுக்குத் தென்னாப்பிரிக்கா தனியாகக் கோட்டா வைத்தது. ஆர்டர் சீனத்தை விட்டு வியட்நாம், வங்கதேசம் பக்கம் திரும்பியதே தவிர டர்பனுக்கு வரவில்லை. ஒரு நாட்டை மட்டும் தடுத்தால் வேறு நாட்டிலிருந்து வரும் என்பதைச் சொல்ல அப்போதும் ஆள் இருந்தார்கள்.

2009-இல் ஆடை வரி 45 சதவீதமாக உயர்த்தப்பட்டது. நூலுக்கு 15, துணிக்கு 22 சதவீதம். இந்தச் சுவர் மூச்சுவிட நேரம் கொடுத்தது, அவ்வளவுதான். வரிச் சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டு பழைய மாதிரியே தைத்த ஆலைகள் அதற்குப் பிறகும் மூடின.

2020 முதல் 2022 வரை

2020 ஏப்ரலில் எட்கான் என்ற பெரிய கடைக் குழுமம் நொடித்து மீட்பு நடைமுறைக்குள் போனது. அதன் ஜெட் கடைகளை டி.எஃப்.ஜி. என்ற இன்னொரு கடைக் குழுமம் வாங்கியது. சரக்கு கொடுத்துப் பணம் வரவேண்டிய ஆலைகள் வரிசையில் நின்றன. 2021 ஜூலைக் கலவரத்தில் கடைகள் சூறையாடப்பட்டன, ஜோஹன்னஸ்பர்க் போகும் என்3 நெடுஞ்சாலை அடைபட்டது. 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டி 400-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். பிராஸ்பெக்டனில் டொயோட்டா ஆலைக்குள் வெள்ளம் புகுந்து மாதக்கணக்கில் உற்பத்தி நின்றது. டோங்காட்டில் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் அடித்துப்போனதால் பல மாதங்கள் குழாய்த் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாவிட்டால் பாய்லர் இல்லை, பாய்லர் இல்லாவிட்டால் அயர்னிங் இல்லை.

என்னென்ன முயன்றார்கள்

2005-இல் டர்பனை நிர்வகிக்கும் ஈதெக்வினி மாநகராட்சி, மாகாண அரசு, ஆலைகள் சேர்ந்து குவாசூலு-நட்டால் ஆடை-ஜவுளிக் கூட்டமைப்பைத் தொடங்கின. மூன்று ஆண்டு முன்னதாக, 2002-இல், டொயோட்டாவைச் சுற்றியுள்ள உதிரிபாக ஆலைகளுக்கு டர்பன் வாகனக் கூட்டமைப்பு உருவாகியிருந்தது. கையிருப்பைக் குறைப்பது, வேலை மாற்றும் நேரத்தைக் குறைப்பது, ஆலைகளின் அளவீடுகளை ஒப்பிடுவது ஆகிய வாகனத் தொழிலின் பழக்கங்களைத் தையலுக்குக் கொண்டுவந்ததே இந்தக் கூட்டமைப்பின் உண்மையான பயன் என்று மதிப்பிடுகிறோம். 2010 வாக்கில் வந்த மத்திய அரசின் போட்டித்திறன் திட்டம், தொழில் வளர்ச்சிக் கழகம் வழியாக மெஷினுக்கும் பயிற்சிக்கும் பணம் கொடுத்தது. முதலாளிகளும் தொழிற்சங்கமும் சேர்ந்து கூலி முடிவு செய்யும் தொழில் பேரவையின் விதிகளுக்கு இணங்கிய ஆலைக்கு மட்டுமே அந்தப் பணம். 2019 நவம்பரில் கடைக் குழுமங்கள், ஆலைகள், தொழிற்சங்கம், அரசு நான்கும் கையெழுத்திட்ட மாஸ்டர் பிளான், 2030-க்குள் கடைகள் விற்பதில் 65 சதவீதம் உள்ளூர்த் தயாரிப்பாக வேண்டும், வேலைவாய்ப்பு 3,33,000-ஐ எட்ட வேண்டும் என்று இலக்கு வைத்தது.

இந்த மூன்றிலும் மாஸ்டர் பிளானே முக்கியமானது. வாங்குபவரை மேசைக்கு உட்கார வைத்தது அதுதான். ஆலைக்கு எவ்வளவு நல்ல மெஷின் கொடுத்தாலும், கடைக்குச் சரக்கு வாங்கும் பையர் ஆறு மாதத்துக்கு முன்பே முழு ஆர்டரையும் ஆசியாவுக்குக் கொடுத்துவிட்டால் அந்த மெஷின் சும்மா கிடக்கும்.

பையரைத் திருப்பும் கணக்கு இது. ஒரு டாப் கடையில் 200 ரேண்டுக்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இறக்குமதி விலை 80. ஆறு மாதம் முன்பே 1,000 பீஸ் வாங்குகிறார். 650 முழு விலைக்கும், கணிப்பு தவறிய 350 பாதி விலைக்கும் போகின்றன. வரவு 1,65,000, வாங்கிய செலவு 80,000, மிச்சம் 85,000. உள்ளூரில் அதே டாப் 96 ரேண்ட், அதாவது 20 சதவீதம் கூடுதல். முதலில் 500 மட்டும் வாங்கிப் பார்க்கிறார். எந்த நிறமும் சைஸும் ஓடுகிறதோ அதில் இன்னும் 400. முழு விலைக்கு 850, பாதி விலைக்கு 50. வரவு 1,75,000, செலவு 86,400, மிச்சம் 88,600. இருபது சதவீதம் கூடுதல் விலை கொடுத்தும் லாபம் கூடுகிறது. அதே டாப்புக்கு ஆலை 104 கேட்டால் மிச்சம் 81,400-க்கு இறங்கிவிடும். பையர் ஆசியாவுக்கே போவார். ஆலை முதலாளி எல்லாரும் இந்தக் கணக்கைப் பையரின் பக்கம் உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டும். தன் விலை எந்த எல்லைக்குள் நிற்க வேண்டும் என்பது அப்போது தெரியும்.

ஆலைத் தளத்தில்: சின்ன ஆர்டரின் விலை

இரண்டாம் முறை வரும் அந்த 400 பீஸ்தான் ஆலையின் முதுகை முறிப்பது. 20 ஆபரேட்டர் கொண்ட ஒரு லைனை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு எட்டரை மணி, அதாவது 510 நிமிடம். தைப்பது பெண்களுக்கான விஸ்கோஸ் டாப், ஒரு பீஸின் தரநேரம், அதாவது அதைத் தைக்கக் கணக்கிட்ட நேரம், 12 நிமிடம். லைனின் கையில் ஒரு நாளுக்கு 10,200 நிமிடம். நூறு சதவீதத் திறனில் 850 பீஸ் வரும். 65 சதவீதத்தில் 552, 45 சதவீதத்தில் 382.

புது ஸ்டைல் ஏறிய முதல் நாள் எந்த லைனும் 65 சதவீதத்தில் ஓடாது. முதல் நாள் 20, இரண்டாம் நாள் 40, மூன்றாம் நாள் 55, நான்காம் நாள் 60 என்று ஏறுவது வழக்கமான போக்கு. பீஸ் கணக்கில் 170, 340, 467, 510. ஆகவே 1,500 பீஸ் ஆர்டர் ஏறத்தாழ நான்கு நாளில் முடியும், சராசரித் திறன் 44 சதவீதம். 600 பீஸ் ஆர்டர் மூன்றாம் நாள் காலையிலேயே முடிந்துவிடும், ஆனால் சராசரி 32 சதவீதம். லைன் வேகம் பிடிக்கும் நேரத்தில் அடுத்த ஸ்டைல் ஏறிவிடுகிறது. ஒரு பீஸுக்கான தையல் செலவு 1,500 பீஸ் ஆர்டரைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. இதைத் தெரியாமல் பெரிய ஆர்டரின் ரேட்டுக்கே சின்ன ஆர்டரை ஒப்புக்கொண்டு மூடிய ஜாப் ஒர்க் யூனிட்டுகள் அதிகம்.

முதல் நாளை 20-லிருந்து 40 சதவீதத்துக்கும், இரண்டாம் நாளை 55-க்கும் கொண்டுவந்தால் என்ன ஆகும்? 600 பீஸ் ஒன்றரை நாளில் முடிகிறது, சராசரி 45 சதவீதம். முன்தயாரிப்பு இல்லாத 1,500 பீஸ் ஆர்டரின் செலவுக்கு முன்தயாரிப்போடு ஓடிய 600 பீஸ் ஆர்டர் இணையாகிவிடுகிறது. டர்பனின் பிழைப்பு முழுக்க இந்த ஒன்றரை நாளுக்குள் அடங்கியிருக்கிறது.

முன்தயாரிப்பு இரண்டு நாள் முன்பே தொடங்க வேண்டும். கடை ஒப்புதல் கொடுத்து சீல் வைத்த சாம்பிளைப் பார்த்து ஆபரேஷன் பட்டியல் போடுவது முதல் வேலை. ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் எந்த மெஷின், எந்த ஊசி, எந்த நூல், ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல், துணியை மடித்துக் கொடுக்கும் ஃபோல்டர் வேண்டுமா என்று எழுதவேண்டும். பல வேலை தெரிந்த இரண்டு மூன்று பேர் எல்லா சைஸிலும் ஒன்றிரண்டு பீஸ் தைத்துப் பார்ப்பார்கள். பிரச்சினை வெளிப்பட வேண்டிய இடம் அதுதான்; லைனில் ஏறிய பிறகு வெளிப்பட்டால் 20 பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவார்கள். லைனில் இருக்கும் மெஷின்களில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் உதிரி மெஷின் வேண்டும். மெக்கானிக் அவற்றில் அடுத்த ஸ்டைலுக்கான ஊசியையும் துணியை நகர்த்தும் பல்லையும் ஃபோல்டரையும் பொருத்தித் துண்டுத் துணியில் ஓட்டி வைத்துவிட வேண்டும். ஸ்டைல் மாறும்போது மெஷினையே மாற்றுவார்கள், உட்கார்ந்து ஸ்க்ரூ திருகமாட்டார்கள்.

லேபிள், பட்டன், ஜிப், விலைச் சீட்டு எல்லாம் எண்ணி ஒரே பெட்டியில் வந்த பிறகே கட்டிங்கை லைனுக்கு விட வேண்டும். துணி பராமரிப்பு லேபிள் வரவில்லை, பரவாயில்லை ஓட்டுவோம் என்று தொடங்கினால், பக்கத் தையலில் வைக்க வேண்டிய அந்தத் துண்டுக்காக 600 பீஸும் பாதியில் நிற்கும். லைன் முழுவதையும் ஒரே நேரத்தில் மாற்றுவதும் தவறு. கடைசி ஐந்து பேர் பழைய ஸ்டைலை முடித்துக்கொண்டிருக்கும்போதே முதல் ஐந்து பேர் புதிய ஸ்டைலைத் தொடங்க வேண்டும். அதற்கு ஆபரேட்டர் ஒவ்வொருவருக்கும் குறைந்தது மூன்று ஆபரேஷன் தெரிந்திருக்க வேண்டும். யாருக்கு என்ன தெரியும் என்ற அட்டவணை லைன் தலைப்பில் தொங்க வேண்டும். அது சூப்பர்வைசரின் தலைக்குள் மட்டும் இருந்தால் அவர் லீவு போடும் அன்று லைன் தடுமாறும். தைப்பூசக் காவடி, மவுண்ட் எட்ஜ்கம் மாரியம்மன் கோயிலின் புனித வெள்ளித் திருவிழா, தீபாவளி எல்லாம் நாள்காட்டியில் இருப்பவை. அந்த வாரத்தில் புது ஸ்டைல் ஏற்றாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டைலை நீட்டிப்பதே புத்தி.

அடுத்தது பண்டில். பழைய வழக்கப்படி 30 பீஸ் கட்டு. ஒவ்வொருவரிடமும் கையில் ஒன்று, பக்கத்தில் ஒன்று என்றால் 20 பேரிடம் 1,200 பீஸ். நாளுக்கு 552 தைக்கும் லைனில் அது இரண்டு நாளுக்கு மேற்பட்ட தேக்கம். 600 பீஸ் ஆர்டர் என்றால் முழு ஆர்டருமே கட்டுகளாகக் கிடக்கும். முதல் பீஸ் செக்கிங்குக்கு வந்து பிழை தெரியும்போது எல்லாப் பீஸிலும் அதே பிழை தைக்கப்பட்டிருக்கும். கட்டை 5 பீஸாக்கினால் தேக்கம் 200-க்கு இறங்குகிறது, முதல் பீஸ் சில மணி நேரத்தில் கடைசி மேசைக்கு வந்துவிடும். பீஸ் ரேட்டில் தைத்துப் பழகியவர்கள் இதை எதிர்ப்பார்கள், ஏனென்றால் பெரிய கட்டுத்தான் அவர்கள் வேகத்துக்கு வசதி. தனி ஆளின் எண்ணிக்கைக்குப் பதில் லைன் முடிக்கும் நல்ல பீஸுக்கு ஊக்கத்தொகை கொடுத்தால்தான் சின்னக் கட்டு நிலைக்கும்.

விஸ்கோஸ் டாப்பின் கழுத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். கழுத்து வளைவின் ஒரு பகுதி துணியின் நூலுக்குச் சாய்வாக வெட்டுப்படுவதால் அது இழுத்தால் நீளும். விஸ்கோஸ் ஈரத்தில் இன்னும் தளரும். டர்பனின் பிப்ரவரிப் புழுக்கத்தில், தோள் மூட்டிய 30 பீஸைக் கழுத்தில் கயிறு கோத்துத் தொங்கவிட்டால், மாலைக்குள் கழுத்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் விரிந்துவிடும். கழுத்தின் உட்பக்கம் ஃபேசிங் என்ற துண்டை வைக்கும் ஆபரேட்டர் உடம்பின் கழுத்து பெரிதாகவும் ஃபேசிங் சிறிதாகவும் இருப்பதைப் பார்த்து, இரண்டையும் சமப்படுத்த ஃபேசிங்கை இழுத்துத் தைப்பார். அயர்ன் போட்டதும் கழுத்து சுருங்கி அலையடிக்கும். சூப்பர்வைசர் தையல்காரியைத் திட்டுவார், குற்றமோ கட்டிங் மேசையில் இருக்கிறது. வெட்டியவுடனே, கட்டு அவிழ்க்கும் முன், நேர்நூலில் வெட்டிய ஒரு சென்டிமீட்டர் அகல ஒட்டு டேப்பைக் கழுத்து வளைவில் ஒட்டிவிட வேண்டும். பீஸைத் தொங்கவிடாமல் தட்டில் படுக்கை வாட்டில் அனுப்ப வேண்டும். மெஷினில் துணியைப் பிடிக்கும் காலின் அழுத்தத்தைக் குறைத்து, 65 அல்லது 70 எண் ஊசி போட வேண்டும். தடித்த ஊசி விஸ்கோஸில் நூலை அறுக்கும், அந்த ஓட்டை இரண்டாம் துவைப்பில்தான் வாடிக்கையாளருக்குத் தெரியும்.

ஒட்டுத்துணியைச் சூட்டில் அழுத்தி ஒட்டும் ஃப்யூசிங் மெஷினும் அடிக்கடி மோசம் செய்யும். பொதுவாக 120 முதல் 140 டிகிரி செல்சியஸ், 12 முதல் 15 வினாடி. ஒட்டுத்துணி விற்பவர் தரும் அளவே இறுதி. டயல் காட்டும் வெப்பமும் தகட்டின் வெப்பமும் ஒன்றாக இருக்கும் என்று நம்பக்கூடாது. வெப்பம் காட்டும் காகிதப் பட்டையை வலது, நடு, இடது மூன்றிலும் தினமும் காலையில் விட்டுப் பார்க்க வேண்டும். ஒட்டியது ஆறிய பிறகே உரித்துச் சோதிக்க வேண்டும்.

கட்டிங்கில் சின்ன ஆர்டருக்கு உள்ள பொறி வேறு. பின்னலாடைத் துணியை ரோலிலிருந்து அவிழ்த்து ஒரு நாள் ஆறப்போடாமல் வெட்டினால், வெட்டிய பிறகு சுருங்கி சைஸ் குறையும். அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது இந்த ஒரு நாள்தான். துணி மேல் பீஸ்களின் பாகங்களை அடுக்கி வரையும் மார்க்கரின் இரு முனையிலும் 2 சென்டிமீட்டர் விட வேண்டியிருக்கிறது. ஆறு பீஸ் சேர்ந்த 6.6 மீட்டர் மார்க்கரில் இந்த 4 சென்டிமீட்டர் இழப்பு 0.6 சதவீதம். ஒற்றைப் பீஸுக்கு 1.1 மீட்டர் மார்க்கர் போட்டால் அதே 4 சென்டிமீட்டர் 3.6 சதவீதம். ஆடையின் தயாரிப்புச் செலவில் பெரும்பங்கு துணி என்பதால், தையலில் சேமித்தது மேசையில் போய்விடும். 600 பீஸுக்கு ஆறு பீஸ் மார்க்கரில் 100 அடுக்கு. விஸ்கோஸ் வழுக்கும் என்பதால் 50 அடுக்காக இரண்டு முறை விரிப்பது நல்லது. ரோல்களை நிறச் சாயல் பார்த்துப் பிரித்து, அடுக்குக்கு அடுக்கு எண் ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் வெளிச்சத்தில் கை ஒரு நிறம், உடம்பு ஒரு நிறமாக நிற்கும்.

கடைசிச் சோதனையில், எத்தனை பழுது வரை ஏற்கலாம் என்று சொல்லும் ஏ.க்யூ.எல். 2.5 அட்டவணைப்படி 600 பீஸுக்கு 80 பீஸ் எடுப்பார்கள். ஐந்து பழுது வரை ஏற்பு, ஆறானால் மொத்தமும் திரும்பும். 1,500 பீஸுக்கு மாதிரி 125, ஏற்பு ஏழு வரை. நாள்கணக்கில் பிழைக்கும் ஆலைக்குத் திரும்பி வந்த சரக்கு மற்றவர்களைவிட இரட்டை நஷ்டம், ஏனென்றால் விற்றதே நாட்களைத்தான்.

மின்சாரம்

2023-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. 2024 மார்ச் 26-க்குப் பிறகு நீண்ட காலம் வெட்டு இல்லை. ஆனாலும் தயாரிப்பைக் கைவிடக்கூடாது, உள்ளூர் கேபிள் பழுதும் திருட்டும் தொடர்கின்றன. இரண்டு மணி வெட்டு என்பது தையலுக்கு இரண்டு மணி, அயர்னிங்குக்கு அதைவிட அதிகம், ஏனென்றால் பாய்லர் மறுபடி நீராவி பிடிக்க நேரம் ஆகும். ஆலையின் சுற்றுகளைப் பிரிப்பது முதல் வேலை. பழைய கிளட்ச் மோட்டார் தைக்காத நேரத்திலும் ஓடிக்கொண்டே மின்சாரம் குடிக்கும். சர்வோ மோட்டார் பெடலை மிதித்தால் மட்டும் இழுக்கும், செலவு பாதிக்கும் கீழே இறங்கும். மாற்றிய பிறகு தையல் மெஷின், விளக்கு, கம்ப்யூட்டரை இன்வர்ட்டரும் சோலார் தகடும் தாங்கும். பாய்லரையும் ஃப்யூசிங் மெஷினையும் அதே இன்வர்ட்டரில் மாட்டினால் பேட்டரி சீக்கிரம் காலியாகும். அவற்றுக்கு டீசல் ஜெனரேட்டர், அல்லது வெட்டு நேரம் பார்த்து மாற்றிய ஷிஃப்ட். சோலாருக்கு முன்பே சர்வோ மாற்றாதவர்கள் தேவையைவிடப் பெரிய தகடு வாங்கி மாட்டுகிறார்கள்.

பணம், பேரவை, வீட்டு யூனிட்டுகள்

சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வீட்டுக் கராஜில் பத்து, பதினைந்து மெஷின் போட்டு நடத்தும் யூனிட்டுகள் உண்டு. பலவற்றை நடத்துபவர்கள் மூடிய ஆலைகளில் சூப்பர்வைசராகவும் மெக்கானிக்காகவும் இருந்தவர்கள். நகரத்தின் தையல் திறமை இன்று பெருமளவு தங்கியிருப்பது அங்கேதான். ஆனால் பெரிய கடைகளின் ஆர்டர் நேராக அவர்களுக்குப் போவதில்லை, காரணம் தொழில் பேரவையின் இணக்கச் சான்று. கூலியை இன்னும் இறக்கிப் பிழைக்கலாம் என்ற யோசனையை இதே மாகாணத்தின் நியூகாசில் நகரம் முயன்று பார்த்துவிட்டது. பேரவை ஒப்பந்தத்தை அதில் சேராத ஆலைகள் மேல் நீட்டித்த ஆணையை 2013-இல் பீட்டர்மரிட்ஸ்பர்க் உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த வெற்றிக்குப் பிறகும் நியூகாசில் தையல் தொழில் செழித்துவிடவில்லை. எங்கள் கருத்தில் சின்ன யூனிட்டுகளுக்கான வழி சான்று பெற்றுக் கணக்குக்குள் வருவதுதான். ஆனால் அதற்கு முன் ஒரு பணக்கணக்கு இருக்கிறது.

30 பேர் யூனிட். 2025-இன் தேசியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ரேண்டை மட்டும் வைத்து, வாரம் 42.5 மணிக்குக் கணக்குப் போட்டாலும் வாரக் கூலி சுமார் 36,700 ரேண்ட். தொழில் பேரவையின் தர விகிதம், விடுப்பு, நிதிப் பங்களிப்பு எல்லாம் இதற்கு மேல். கூலி வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். சாம்பிள், கட்டிங், தையல், டெலிவரி, மாதக் கடைசி ஸ்டேட்மென்ட், அதன்மேல் 30 நாள் என்று பணம் வர ஏழெட்டு வாரம் ஆகிறது. ஆக ஏழு வாரக் கூலி, ஏறத்தாழ 2,57,000 ரேண்ட், கையில் இருந்தால்தான் முதல் ஆர்டரையே எடுக்க முடியும். அது இல்லாதவர் வாரக் கடைசியில் கையில் காசு தரும் இடைத்தரகரிடம் குறைந்த ரேட்டுக்குத் தைக்கிறார். இந்த யூனிட்டுகளுக்கு மெஷின் மானியத்தைவிட, கடை ஒப்புக்கொண்ட பில்லின் மேல் ஒரு வாரத்தில் பணம் தரும் ஏற்பாடு அவசரமாகத் தேவை. மெஷினுக்கு மானியம் தருவதில் அதிகாரிகளுக்கு உள்ள பிரியம், திறப்பு விழாவுக்குப் புகைப்படம் கிடைப்பதால் இருக்கலாம். கூலிக் கடனுக்கு அப்படி எதுவும் கிடைக்காது.

2021 ஜூலையில் ஃபீனிக்ஸில் 36 பேர் கொல்லப்பட்டார்கள், இறந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அந்தக் காயத்தைத் தொழில் பேச்சில் ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. இனாண்டா, குவாமாஷுவிலிருந்து வரும் பெண்களும் ஃபீனிக்ஸ் பெண்களும் பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்காரும் இடம் இந்த ஆலைகள். ஆபரேஷன் அட்டையை ஆங்கிலத்தோடு சூலு மக்களின் மொழியான இசிசூலுவிலும் எழுதுவதும், சூப்பர்வைசர் பயிற்சியை இரு பக்கத்துக்கும் திறப்பதும் நியாயம். திறமைப் பட்டியலில் மூன்று ஆபரேஷன் ஏறுவதும் அப்படிச் செய்யும் லைனில்தான்.

பார்சல், துறைமுகம், துணி

வெளிநாட்டு ஆன்லைன் கடைகளிலிருந்து 500 ரேண்டுக்குக் குறைந்த பார்சலுக்கு நெடுநாள் 20 சதவீதம் ஒரே வரி, மதிப்புக் கூட்டு வரியான வாட் கிடையாது. கண்டெய்னரில் இறக்கும் கடை 45 சதவீதத்தோடு வாட்டும் கட்டியது. 2024 செப்டம்பர் 1 முதல் பார்சலுக்கும் வாட் வந்தது. இது நியாயமான திருத்தம், தாமதமாக வந்தது. ஆனால் ஷீன், டெமு போன்றவை விற்பதும் வேகத்தைத்தான் என்பதால், உள்ளூர்க் கடையும் ஆலையும் இன்னும் நாட்களைக் குறைத்தே தீர வேண்டும்.

2023 நவம்பரில் டர்பன் துறைமுகத்துக்கு வெளியே அறுபதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் காத்து நின்றபோது, இறக்குமதி தாமதமானது உள்ளூர் ஆலைக்கு நல்லதுதானே என்று சிலர் பேசினார்கள். நெய்த துணியில் பெரும்பகுதி அதே துறைமுகம் வழியாகத்தான் வருகிறது. ஆயத்த ஆடை நின்ற வரிசையில் டர்பன் ஆலையின் துணியும் நின்றது. நான்கு வாரத்தில் தைத்துத் தரும் ஆலை, பத்து வாரம் துணிக்குக் காத்திருந்தால் அதன் நான்கு வாரத்துக்கு மதிப்பில்லை.

ஆகவே வேலை தொடங்க வேண்டிய இடம் கிரே துணிக் கையிருப்பு. சாயம் ஏற்றாத அடிப்படைத் துணி மூன்று நான்கு வகையை உள்ளூரில் வைத்துக்கொண்டு, கடையில் எந்த நிறம் ஓடுகிறது என்று தெரிந்த பிறகு சாயம் ஏற்றினால் பத்து வாரக் காத்திருப்பு இரண்டு வாரமாகக் குறைகிறது. பின்னலாடையில் இது நடக்கிறது, நெய்த துணியில் இன்னும் அரிது. தடை தொழில்நுட்பத்தில் இல்லை. சீசன் முடிந்து மிஞ்சும் துணி யார் தலையில் விழும் என்பதில் இருக்கிறது. ஆலையின் தலையில் விழுந்தால் இரண்டு சீசனில் ஆலை மூழ்கும். ஆர்டர் ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை: எந்த வகை, எத்தனை மீட்டர், எந்தத் தேதிக்குள் கடை அதைப் பயன்படுத்தும், பயன்படுத்தாவிட்டால் எத்தனை நாளில் அசல் விலைக்கு எடுத்துக்கொள்ளும், அதுவரை கிடங்கு வாடகையும் வட்டியும் யாருடையவை. இந்த ஐந்தும் எழுத்தில் இல்லாத "வாங்கிக்கொள்கிறோம்" என்ற வாய்வார்த்தையை நம்பி எந்த ஆலையும் கிரே துணி வாங்கி அடுக்கக்கூடாது.